ஒரு லெட்டரா, இரண்டா: டபிள்யூபாத் சொல்வதும் நம்ம ஊர் டாக்டர் கேட்பதும்

வாசகர் கேள்வி, 11 பிப்ரவரி 2023

திருநர் மருத்துவத்துக்கான உலகச் சங்கமான டபிள்யூபாத்தின் (WPATH) வழிகாட்டி, அதன் புதுப் பதிப்பில் பாலின மாற்று சர்ஜரிக்குப் பெரியவர்களுக்கு ஒரே பரிந்துரை லெட்டர் போதும் என்று வந்துவிட்டது. நான் பார்க்கும் சர்ஜன் இன்னும் இரண்டு சைக்கியாட்ரிஸ்ட் லெட்டர் கேட்கிறார். அதோடு ஒரு வருஷம் ஆணாக வாழ்ந்ததற்கு அத்தாட்சியும் வேண்டுமாம். உலகச் சங்கமே சொன்ன பிறகு இவர் கட்டுப்பட்டுத்தானே ஆக வேண்டும்? மறுத்தால் எங்கே புகார் கொடுப்பது?

11 பிப்ரவரி 2023, இரவு

கட்டுப்பட வேண்டியதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கையோடு போய் ஓ.பி.யில் சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தவர்களை எனக்குத் தெரியும். டபிள்யூபாத் என்பது ஒரு சங்கம், அவ்வளவுதான். டாக்டர்கள், உளவியலாளர்கள், குரல் பயிற்சி தருபவர்கள், வக்கீல்கள் எல்லாம் சந்தா கட்டி உறுப்பினராக இருக்கிறார்கள். பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் தொழில் செய்த ஹாரி பெஞ்சமின் என்ற டாக்டரின் பெயரில் 1979-ல் தொடங்கியது, பெயர் பிறகு மாறியது. முதல் பதிப்பு வழிகாட்டி அதே வருஷம் வந்தது, எட்டாவது 2022 செப்டம்பரில். யாருடைய லைசென்ஸையும் பறிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. உங்கள் சர்ஜனின் பதிவு மாநில மருத்துவ கவுன்சிலில் இருக்கிறது, அதற்கு மேலே தேசிய மருத்துவ ஆணையம். அங்கே போய் 'இரண்டு லெட்டர் கேட்டார்' என்று மனு கொடுத்தால், ஜாக்கிரதையான மனிதர் என்று அவரைப் பாராட்டித்தான் அனுப்புவார்கள்.

எந்த சர்ஜரி என்று சொல்லவில்லையே? மேலா (மார்பு), கீழா (பிறப்புறுப்பு)? பதில் அதைப் பொறுத்தது.

12 பிப்ரவரி 2023

மேல் சர்ஜரியாம். அப்படியென்றால் எட்டாம் பதிப்புக்கே போக வேண்டியதில்லை. 2011-ல் வந்த ஏழாம் பதிப்பிலேயே திருநம்பிகளின் மார்பு சர்ஜரிக்கு ஒரு லெட்டர்தான், ஹார்மோன் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. இரண்டு லெட்டரும் பன்னிரண்டு மாத ஹார்மோனும் கர்ப்பப்பை, விதைப்பை மாதிரி உறுப்புகளை எடுப்பதற்கு. அதற்கு மேல் பன்னிரண்டு மாதம் அந்தப் பாலினத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது பிறப்புறுப்பைப் புதிதாக அமைக்கும் சர்ஜரிகளுக்கு மட்டும். எட்டாம் பதிப்பு இதையெல்லாம் தளர்த்திவிட்டது: லெட்டர் தேவைப்படும் இடத்தில் ஒன்று போதும், கீழ் சர்ஜரிக்குக் குறைந்தது ஆறு மாதம் ஹார்மோன், அதுவும் ஹார்மோன் வேண்டாதவருக்கும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவருக்கும் கட்டாயமில்லை. வாழ்ந்து காட்டும் பரீட்சை போய்விட்டது. ஆக உங்கள் சர்ஜன் கேட்பது ஏழும் இல்லை, எட்டும் இல்லை. எங்கேயோ ஒரு மாநாட்டு ஸ்லைடில் பார்த்ததை எல்லா சர்ஜரிக்கும் ஒட்டிவிட்டார் என்பது என் ஊகம்.

எனக்கும் இதேதான் நடந்தது. மருத்துவமனை பெயர் வேண்டாம். இரண்டு லெட்டர், ஒரு வருஷம் ஹார்மோன் ஊசி போட்டதற்கான காகிதம், எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு 'அப்பா அம்மா கையெழுத்து' என்றார்கள். எனக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது, வருமான வரி கட்டுகிறேன், வீட்டுக் கடன் என் பெயரில் ஓடுகிறது. எந்தப் பதிப்பின் எந்த அத்தியாயத்திலும் வயது வந்தவருக்குப் பெற்றோர் கையெழுத்து கிடையாது. அப்பா வந்து கையெழுத்துப் போட்டார், போடும்போது படிவத்தில் என் பழைய பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு 'இதை மாத்தச் சொல்லு' என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சத்தம் போட்டார். அதனால் அந்தக் கையெழுத்து விஷயத்தில் எனக்குக் கோபமும் இருக்கிறது, அது இல்லாவிட்டால் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டேன் என்பதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு கருத்தாக்க எனக்கு வரவில்லை.

12 பிப்ரவரி 2023, கொஞ்ச நேரம் கழித்து

'அப்போ சட்டத்தில் டபிள்யூபாத் பெயரே இல்லையா' என்று ஒருவர். இருக்கிறது! 2019 திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ம் பிரிவைப் படியுங்கள். அரசு என்னென்ன மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும்: சர்ஜரி, ஹார்மோன், முன்னும் பின்னும் கவுன்சலிங், காப்பீடு, மருத்துவப் பாடத்திட்ட மறு ஆய்வு. நடுவில் ஒரு வரி, டபிள்யூபாத் வழிகாட்டுதலின்படி ஒரு சுகாதாரக் கையேடு கொண்டுவர வேண்டும் என்று. வெளிநாட்டுத் தொழில்முறைச் சங்கம் ஒன்று நம் நாடாளுமன்றச் சட்டத்துக்குள் பெயரோடு உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கடமை அரசின் தலையில் இருக்கிறது, தனியார் சர்ஜனின் தலையில் இல்லை. சர்ஜனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டலாம், மிரட்ட முடியாது.

லெட்டரையும் அடையாளச் சான்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2020 விதிகளின்படி கலெக்டர் தரும் திருநர் சான்றுக்கு மருத்துவப் பரிசோதனையே கிடையாது. 2020 ஏப்ரலில் வந்த வரைவு விதியில் உளவியலாளர் அறிக்கை கேட்டிருந்தார்கள், எதிர்ப்பு வந்ததும் செப்டம்பரில் வந்த இறுதி விதியில் எடுத்துவிட்டார்கள். ஆண் என்றோ பெண் என்றோ திருத்திய சான்று வாங்கும்போதுதான் மருத்துவமனைக் காகிதம் தேவைப்படுகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2014 நால்சா தீர்ப்பு, பாலினத்தை அறிவிக்க சர்ஜரியைக் கட்டாயப்படுத்துவது ஒழுக்கக்கேடு, சட்டவிரோதம் என்று சொன்ன பிறகும் திருத்திய சான்றுக்கு சர்ஜரி கேட்கும் இந்த 7-ம் பிரிவு 2019 சட்டத்துக்குள் எப்படி வந்தது என்பது தனிச் சண்டை, இன்னொரு நாள்.

19 பிப்ரவரி 2023

சர்ஜன்களைத் திட்டி வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பக்கமும் கொஞ்சம். இந்திய தண்டனைச் சட்டம் (2024 ஜூலையில் அதற்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது) 320-ம் பிரிவில் கொடுங்காயம் என்று எண்ணப்பட்டவற்றில் முதலாவது ஆண்மை நீக்கம். நல்லெண்ணத்தோடு, சம்மதம் வாங்கி, அந்த ஆளின் நன்மைக்காகச் செய்தால் 88-ம் பிரிவு காப்பாற்றும் என்பது வக்கீல்களுக்குத் தெரியும், ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறவருக்கு 320-தான் ஞாபகம் வரும். நாளைக்கு யாருடைய மாமாவாவது வந்து கேஸ் போட்டால் மேஜை மேல் எடுத்து வைக்க இரண்டு சைக்கியாட்ரிஸ்ட் கையெழுத்து வேண்டும் அவருக்கு. நோயாளி நலத்துக்காக எழுதிய காகிதம் இங்கே டாக்டரின் முன்ஜாமீனாக மாறிவிட்டது. அதைப் புரிந்துகொண்டு பேசினால் சில சர்ஜன்கள் இறங்கி வருகிறார்கள். நோட்டரி முன்னால் சம்மதப் பத்திரம் எழுதிக் கொடுத்ததும் இரண்டாவது லெட்டரை விட்டுவிட்ட ஒரு டாக்டரை எனக்குத் தெரியும்.

19 பிப்ரவரி 2023

'லெட்டருக்குக் காலாவதி தேதி உண்டா?' மாத்திரை அட்டை மாதிரி பின்னால் அச்சடித்திருக்க மாட்டார்கள். ஆனால் பழைய லெட்டரைக் காட்டினால் 'புதுசு வாங்கிட்டு வா' என்று திருப்பி அனுப்புகிறார்கள், அதனால் சர்ஜரி தேதி பேசிய பிறகு வாங்குங்கள், பீஸ் மிச்சம்.

இன்னொன்று, என் லெட்டரில் எஃப் 64.0 என்று ஐசிடி-10 (உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு) குறியீடு இருந்தது, அதாவது மனநோய்ப் பட்டியலுக்குள். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-ல் அதை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்து, பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்தில் வைத்துவிட்டார்கள். உங்கள் டாக்டர் இன்னும் பழைய குறியீட்டை எழுதினால் கேட்டுப் பாருங்கள். காப்பீட்டுக்காரருக்குப் பழையதுதான் புரியும் என்பார், அதுவும் சில இடத்தில் உண்மைதான்.

4 ஜூன் 2023

சில மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. திரும்பப் படித்தால் எல்லாரும் லெட்டரைப் பற்றியே பேசியிருக்கிறோம், நானும்தான். எனக்கு இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. இந்த வழிகாட்டிகளில் வாசலில் நிற்கும் பகுதி சில பக்கம்தான். உள்ளே போன பிறகு என்னென்ன பார்க்க வேண்டும் என்பதுதான் பாக்கி முழுவதும். நம்ம ஊரில் வாசலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிட்டார்கள். லெட்டர் இல்லாமல் ஊசி தர மாட்டேன் என்ற அதே டாக்டர், ஊசி ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட ரத்தம் பார்க்கச் சொல்லவில்லை.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 2017-ல் போட்ட வழிகாட்டியைப் பாருங்கள் (அவர்களின் முதல் பதிப்பு 2009). முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்களுக்கு ரத்தம் கெட்டியாகிறதா என்று ஹிமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) பார்க்கச் சொல்கிறார்கள், 50 சதவீதத்தைத் தாண்டினால் சும்மா விடக்கூடாத விஷயம். எனக்கு இது தலைவலியிலும் முகம் சிவந்து போவதிலும் ஆரம்பித்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், திருப்பூர் வெயிலைச் சொன்னால் யாரும் மறுக்கவும் மாட்டார்கள். நானாகத் தெருமுனை லேபில் டெஸ்ட் எடுத்தேன். சீட்டில் பெண் என்று போட்டு, பெண்களுக்கான 36 முதல் 46 என்ற அளவோடு ஒப்பிட்டு எல்லாவற்றையும் சிவப்பில் அடித்துக் கொடுத்தார்கள். பயந்து போய் வேறொரு டாக்டரிடம் காட்டினால், அவர் ஆண் அளவோடு வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் அதிகம்தான், ஊசி இடைவெளியைத் தள்ளிப் போடலாம் என்றார். ஐந்து நிமிஷ வேலை. ஹார்மோன் சில காலம் ஓடிய பிறகு எந்தப் பாலின அளவோடு ஒப்பிட வேண்டும் என்பதெல்லாம் அந்த வழிகாட்டிகளிலேயே பேசப்பட்ட விஷயம். லேப்காரரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய சாப்ட்வேரில் இருப்பது இரண்டு கட்டம்தான்.

5 ஜூன் 2023

நேற்று விட்டுப்போனது. சஸ்டனான் என்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி நிலக்கடலை எண்ணெயில் கரைத்தது. கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்புறம், மாதவிடாய் நின்றுவிட்டது என்பதால் கர்ப்பம் தரிக்காது என்று நினைக்காதீர்கள், டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து இல்லை. இதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. குழந்தை பெறும் வாய்ப்பைப் பற்றி ஹார்மோன் ஆரம்பிக்கும் முன்பே பேச வேண்டும் என்று இரண்டு சங்கமும் எழுதி வைத்திருக்கின்றன. எனக்கு லெட்டர் கொடுத்தவர் சின்ன வயதில் எந்த பொம்மையோடு விளையாடினேன் என்று அரை மணி நேரம் கேட்டார். கருமுட்டை என்ற சொல்லே அந்த அறையில் வரவில்லை. எனக்குக் குழந்தை ஆசை அப்போது இல்லை, இப்போதும் இல்லை, ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

11 ஜூன் 2023

திருநங்கை தோழி ஒருத்தர் மேலே உள்ளதைப் படித்துவிட்டு போன் செய்தார். 'உங்களுக்காவது டாக்டர், எங்களுக்கு மெடிக்கல் ஷாப் அண்ணன்தான் எண்டோகிரைனாலஜிஸ்ட்' என்கிறார். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது கருத்தடை மாத்திரை. மாலா-டி, மாலா-என் வகை மாத்திரைகளில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியோல் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். ரத்தக் கட்டி வரும் அபாயம் காரணமாக அதைத் திருநங்கைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எண்டோகிரைன் சொசைட்டி தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மார்பு சீக்கிரம் வளர வேண்டும் என்று ஒரு நாளைக்குப் பல மாத்திரை போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் பீடி சிகரெட் வேறு. அதே கடையில், அதே அலமாரியில் எஸ்ட்ராடியோல் வேலரேட்டும் இருக்கும் (ப்ரோஜினோவா என்றால் தெரியும்), ஆனால் சீட்டு கேட்பார்கள், சீட்டுக்கு டாக்டர் வேண்டும், டாக்டருக்கு லெட்டர் வேண்டும். வாசலை இறுக்க இறுக்க கூட்டம் சுவரேறிப் போகிறது என்று நான் சொன்னால் 'நீ எழுதுறதுக்குத்தான் லாயக்கு, எனக்கு நல்ல டாக்டர் நம்பர் குடு' என்றார். கொடுத்தேன்.

ஆண் ஹார்மோனை அடக்கும் சைப்ரோடெரோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு: 2017 எண்டோகிரைன் வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 25 முதல் 50 மில்லிகிராம் என்று இருந்தது. டபிள்யூபாத் எட்டில் 10 என்று இறங்கிவிட்டது. நடுவில் 2020-ல் ஐரோப்பிய மருந்து முகமை, அதிக அளவில் நெடுநாள் எடுப்பவர்களுக்கு மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வருவதைக் காட்டி எச்சரித்தது. பழைய சீட்டை வைத்துக்கொண்டு 50-ஐ அப்படியே தொடர்ந்து வாங்குபவர்கள் டாக்டரிடம் மறுபடி போய்க் கேளுங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

2 ஜூலை 2023

அக்காமார்களை, அதாவது மூத்த திருநங்கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டாக்டர் கை கிடைக்காத காலத்தில் தாயம்மா என்ற மூத்த திருநங்கை கையில் நிர்வாணம் (சடங்கு முறையில் ஆண்மை நீக்கம்) செய்துகொண்டவர்கள், ஜமாத்தில் (திருநங்கைகளின் கூட்டமைப்பு) இப்போது அறுபதைத் தொட்டவர்கள். விதைப்பை எடுத்த பிறகு உடம்பில் ஆண் ஹார்மோனும் இல்லை, பெண் ஹார்மோனும் எடுக்கவில்லை என்றால் எலும்பு கரையும். ஹார்மோனை நிறுத்தியவர்களுக்கு எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டும் என்று வழிகாட்டியில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பஸ் படியில் சறுக்கி விழுந்தார், பெரிய விழுதல்கூட இல்லை, இடுப்பு உடைந்துவிட்டது. எலும்பு டாக்டர் ஆணா பெண்ணா என்று கேட்டாரே தவிர எப்போது ஆபரேஷன் ஆனது, ஹார்மோன் எடுக்கிறீர்களா என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2008-லேயே நாட்டின் முதல் நல வாரியம் வந்தது, கீழ்ப்பாக்கத்தில் இலவச சர்ஜரி நடந்தது, சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, இதெல்லாம் பெருமைதான், மற்ற மாநிலத்தவர் பொறாமைப்படுகிறார்கள். ஆனால் சர்ஜரி முடிந்து இருபது வருஷம் கழித்து வரும் உடம்பு எந்த ஓ.பி.க்குப் போக வேண்டும் என்று எந்தப் பலகையிலும் எழுதியில்லை.

9 ஜூலை 2023

'லெட்டர் எல்லாம் வேண்டாம், சம்மதம் போதும் என்கிறீர்களா?' என்று கொஞ்சம் காரமாகவே கேட்டிருக்கிறார் ஒருவர். அமெரிக்காவில் சில கிளினிக்குகளில் அந்த முறை நெடுநாளாக இருக்கிறது, நன்மை தீமைகளைப் பேசி, புரிந்ததா என்று பார்த்து, கையெழுத்து வாங்கி ஹார்மோன் தருகிறார்கள். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் என் இரண்டாவது லெட்டர் கொடுத்தவர் நல்ல மனிதர், அவரோடு பேசிய பிறகுதான் எனக்கு இருந்த மனச்சோர்வு வேறு, பாலினம் வேறு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது, அதற்கு மாத்திரையும் எடுத்தேன். அந்தப் பேச்சு எனக்குக் கிடைத்ததில் சந்தோஷம். அனுமதிச் சீட்டுக்காக அல்லாமல் நானாகத் தேடிப் போயிருந்தால் இன்னும் உண்மையாகப் பேசியிருப்பேன், அதுதான் வித்தியாசம். லெட்டர் கையில் வரும் வரை யாரும் சைக்கியாட்ரிஸ்டிடம் சந்தேகத்தைச் சொல்ல மாட்டார்கள்.

13 ஆகஸ்ட் 2023

நாம் லெட்டர் கொடுக்கிறோம், சர்ஜன் என்ன கொடுக்கிறார்? எட்டாம் பதிப்பின் சர்ஜரி அத்தியாயம், சர்ஜனுக்கு இந்த சர்ஜரிகளில் ஆவணப்படுத்திய பயிற்சி இருக்க வேண்டும், தன் நோயாளிகளுக்குப் பிறகு என்ன ஆனது என்று கணக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது. கேட்டுப் பாருங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம். கேரளத்தில் ரேடியோ ஜாக்கியாக இருந்த, சட்டமன்றத் தேர்தலுக்கு மனு போட்ட அனன்யா குமாரி அலெக்ஸ் 2021 ஜூலையில் இறந்தார். தன் சர்ஜரி சரியாக நடக்கவில்லை, வலி தாங்க முடியவில்லை என்று அதற்கு முன்பு வெளிப்படையாகவே பேசியிருந்தார். அதற்குப் பிறகாவது நம் ஊர் சங்கங்கள் சர்ஜன்களின் விளைவுக் கணக்கை வெளியே வைக்கச் சொல்லும் என்று எதிர்பார்த்தேன். இந்தியாவிலும் திருநர் மருத்துவத்துக்கென்று சங்கம் இருக்கிறது, ஏடிஹெச்ஐ, 2020-ல் ஐஎஸ்ஓசி-1 என்று இந்தியத் தர வழிகாட்டி ஒன்றையும் வெளியிட்டது. நான் கேட்ட டாக்டர்களில் அதைப் பிரித்துப் படித்தவர் குறைவு.

22 ஜனவரி 2024

உலக சுகாதார அமைப்பு தனியாக ஒரு வழிகாட்டி தயாரிக்கப் போகிறது என்ற செய்தியை மூன்று பேர் அனுப்பியிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு மட்டும்தான். சிறுவர், இளையோருக்கான சான்றுகள் குறைவு, ஒரே மாதிரியும் இல்லை என்று அவர்களே சொல்லி அதை வெளியே வைத்துவிட்டார்கள். வரட்டும், பார்க்கலாம்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு அன்றைக்கும் சண்டையா! இங்கிலாந்தில் குழந்தை மருத்துவர் ஹிலரி காஸின் ஆய்வறிக்கை 10-ம் தேதி வந்ததிலிருந்து 'பார்த்தீர்களா, டபிள்யூபாத் எல்லாம் டுபாக்கூர்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அறிக்கை பெரியது, நானும் முழுக்கப் படித்து முடிக்கவில்லை, படித்த வரைக்கும் சொல்கிறேன்.

அது சிறுவர், இளையோருக்கான சேவை பற்றியது. யார்க் பல்கலைக்கழகத்தார் உலகத்தில் உள்ள 23 வழிகாட்டிகளை எடுத்து, எப்படித் தயாரித்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். நடைமுறைக்குப் பரிந்துரைக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது பின்லாந்து, சுவீடன் இரண்டும்தான். டபிள்யூபாத்தும் எண்டோகிரைன் சொசைட்டியும் ஒன்றையொன்று ஆதாரமாகக் காட்டிக்கொள்கின்றன, மற்ற நாட்டு வழிகாட்டிகள் இந்த இரண்டையும் பார்த்து எழுதப்பட்டவை என்பது முக்கியமான குற்றச்சாட்டு. இதை எதிரிகளின் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நம் சட்டத்தின் 15-ம் பிரிவும் அதே வரிசையில்தான் நிற்கிறது, யோசிக்காமல் ஒரு பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டது.

ஆனால் 'சான்றின் தரம் குறைவு' என்றால் 'மருந்து வேலை செய்யாது' என்று படிக்கிறீர்கள் பாருங்கள், அது சரியில்லை. எண்டோகிரைன் வழிகாட்டியிலேயே ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் நான்கு வட்டம் போட்டு, சான்று எவ்வளவு உறுதி என்று காட்டியிருப்பார்கள். பல இடத்தில் ஒன்றோ இரண்டோதான் நிரம்பியிருக்கும். 2017-லேயே, வெளிப்படையாக. மருத்துவத்தில் வேறு பல விஷயங்களுக்கும் இதே கதைதான். பெரியவரான எனக்கு ஊசி என்ன செய்தது என்று தெரிய நான் வட்டத்தை எண்ண வேண்டியதில்லை, ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசி போடலாமா என்றால் நானும் எண்ணத்தான் செய்வேன். என் அக்கா மகன் அந்த வயதுதான், அவனை வைத்து யோசித்தால் இரண்டு பக்கமும் பயம் வருகிறது. அவன் அவதிப்படுவதும் பயம், அவசரப்படுவதும் பயம். நம்ம ஊரில் அந்த ஊசியின் விலைக்கே பெரும்பாலான குடும்பம் பக்கத்தில் போகாது என்பது வேறு.

30 ஜூன் 2024

இது எனக்கே எரிச்சலான செய்தி. எட்டாம் பதிப்பு வந்த சூட்டோடு ஒரு திருத்தம் போட்டு, இளையோருக்கான குறைந்தபட்ச வயதுகளை எடுத்துவிட்டார்கள் என்பது அப்போதே தெரியும். இப்போது அமெரிக்காவின் அலபாமா மாநிலம் சிறுவர்களுக்கு இந்த சிகிச்சையைத் தடை செய்தது பற்றிய வழக்கின் ஆவணங்கள் வெளியே வந்ததில், வயதுகளை எடுக்கச் சொல்லி அமெரிக்க சுகாதாரத் துறை உயர் அதிகாரி ஒருவரின் அலுவலகத்திலிருந்து அழுத்தம் வந்தது தெரிகிறது, எண் இருந்தால் அரசியல் எதிரிகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற கணக்கு. அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கமும் தன் பங்குக்கு நெருக்கியிருக்கிறது. வயது வேண்டுமா வேண்டாமா என்பதற்கு மருத்துவக் காரணம் இருக்கலாம், நான் டாக்டர் இல்லை. ஆனால் அரசியலுக்காக ஒரு வரியைச் சேர்ப்பதும் எடுப்பதும் ஒன்றுதான், யார் செய்தாலும். இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்ஜன் அறைக்குப் போகிறவன் நான். அவர் நாளைக்கு இந்த ஆவணத்தைக் காட்டி 'உங்க டபிள்யூபாத்தைப் பத்தி எனக்குத் தெரியும்' என்றால் வாயடைத்துப் போவது நான், அமெரிக்க அதிகாரி இல்லை.

டபிள்யூபாத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தும் பார்த்தேன். விட்டுவிட்டு எதைப் பிடிப்பது? பெரியவர்களுக்கான ரத்தப் பரிசோதனை, மருந்து அளவு, சர்ஜரிக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை, இதற்கெல்லாம் அதுவும் எண்டோகிரைன் வழிகாட்டியும்தான் கையில் இருக்கின்றன.

8 செப்டம்பர் 2024

தேசிய மருத்துவ ஆணையம் ஆகஸ்ட் 31 அன்று எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை வெளியிட்டது. தடய மருத்துவத்தில் தன்பால் உறவை மறுபடி இயற்கைக்கு மாறான குற்றப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். கூச்சல் எழுந்ததும் செப்டம்பர் 5 அன்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதே ஆணையம்தான் 2022-ல் மாற்று சிகிச்சை, அதாவது பாலினத்தையோ பாலீர்ப்பையோ 'குணப்படுத்துகிறேன்' என்று செய்வது, தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அதுவும் தானாக வரவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் கொடுத்த உத்தரவும், பிறகு விடாமல் வழக்கைக் கூப்பிட்டுக் கேட்டதும்தான் காரணம். தான் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்ட நீதிபதி அவர். எத்தனை டாக்டர்கள் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்?

முதல் நாள் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மருத்துவ கவுன்சிலில் இரண்டு லெட்டருக்காகப் புகார் நிற்காது, ஆனால் 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று மருந்தோ ஷாக்கோ கொடுத்தால் நிற்கும். சீட்டு, பில், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

24 நவம்பர் 2024

தனிச் செய்தியில் ஒரே கேள்வி பலரிடமிருந்து வருவதால் இங்கேயே போடுகிறேன்: ரத்தம் எப்போது கொடுப்பது? எனந்தேட், சிப்பியோனேட் வகை டெஸ்டோஸ்டிரோன் ஊசிகளுக்கு இரண்டு ஊசிகளுக்கு நடுவில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது எண்டோகிரைன் வழிகாட்டி, டெசிலிட்டருக்கு 400 முதல் 700 நானோகிராம் இலக்கு. இல்லாவிட்டால் உச்சத்தில் ஒன்று, அடுத்த ஊசிக்கு முன் ஒன்று. ஊசி போட்ட மறுநாள் போய்க் கொடுத்துவிட்டு 'ஆயிரத்தைத் தாண்டிடுச்சு' என்று பதறாதீர்கள். திருநங்கைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் 50-க்குக் கீழே, எஸ்ட்ராடியோல் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம். ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தால் பொட்டாசியமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லேப் சீட்டில் கடைசி ஊசி போட்ட தேதியை எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் நீங்களே பேனாவால் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.